ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில் பன்னிரண்டு நாள்: கடை, காபி, பஸ், பருப்பு

என் அக்கா மகள் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறாள். "சித்தி, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க, டொரான்டோ எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டே இருந்தாள். போன ஆகஸ்ட் கடைசியில் நானும் வீட்டுக்காரரும் வான்கூவர் வழியாகப் பறந்து சாஸ்கடூனில் இறங்கி, அங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போய், அவள் ஊரில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்தோம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுநூறு சொச்சம் பேர் இருக்கிற ஊர், ஒரே ஒரு மருந்துக் கடை. பெயரைச் சொன்னால் ஆளைக் கையைப் பிடித்துக் காட்டியது போலாகிவிடும்.

கிளம்புவதற்கு முன்னால் இப்படிப்பட்ட ஊர்களைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். நயாகரா, பான்ஃப், டொரான்டோவில் இட்லி கிடைக்கும் இடங்கள், இவ்வளவுதான் கிடைத்தது. ஆனால் தாதியாகவும் மருந்தாளுநராகவும் வேலை கிடைத்து நம் பிள்ளைகள் இந்த மாதிரி ஊர்களுக்கும் போகிறார்கள், அவர்களைப் பார்க்க நம் சிங்கப்பூரின் ஈசூனிலிருந்தும் பொங்கோலிலிருந்தும் பெற்றவர்கள் கிளம்பத்தான் செய்வார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. என் அப்பா செம்பவாங் பக்கம் சோங் பாங் கம்பத்தில், அதாவது கிராமத்தில், மளிகைக் கடை வைத்திருந்தார். கப்பல் பட்டறையில் வேலை செய்தவர்கள் சம்பள நாள் வரைக்கும் கடனுக்கு வாங்கிப் போவார்கள், கணக்கெல்லாம் அட்டையில் 555 என்று அச்சடித்த சின்ன நோட்டில் இருக்கும். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் கடையை யார் நடத்துகிறார்கள், யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். பஸ் கிடையாது. குறைவு என்று சொல்லவில்லை, கிடையவே கிடையாது. 1946இல் மாகாண அரசே தொடங்கி நடத்திய சஸ்காச்சுவான் போக்குவரத்து நிறுவனத்தின் பஸ்கள் 2017 மே 31ஆம் தேதியோடு நின்றுபோயின. அடுத்த வருடம் அக்டோபர் கடைசியில் கிரேஹவுண்ட் நிறுவனமும் மேற்குக் கனடாவை விட்டுக் கிளம்பிவிட்டது. அந்த அரசு பஸ் ஆட்களை மட்டும் ஏற்றவில்லை. மருந்துப் பொட்டலம், உழவு இயந்திரத்தின் உதிரிப் பாகம் எல்லாம் அதே பஸ்ஸின் வயிற்றில்தான் வந்துபோயினவாம். இப்போது கண் அறுவைச் சிகிச்சைக்கு சாஸ்கடூன் போகவேண்டிய எண்பது வயதுப் பாட்டி பக்கத்து வீட்டாரிடம் கேட்டுத்தான் போகவேண்டும். அக்கா மகளின் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மருந்தோடு சேர்த்து, "இந்த வாரம் யார் டவுனுக்குப் போறாங்க?" என்றும் கேட்கிறார்கள். மூன்று நிமிடத்தில் அடுத்த பஸ் வரும் ஊரிலிருந்து போன எனக்கு இது பெரிய அதிர்ச்சி. கார் ஓட்டத் தெரியாதவர்கள் இந்தப் பயணத்தை இரண்டு முறை யோசித்துக்கொள்ளுங்கள்.

கார் எடுத்தாலும் ஒரு எச்சரிக்கை. நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் பெரும்பாலும் சரளைக்கல் சாலைதான். நாங்கள் போன மூன்றாம் நாள் மாலை ஒரு கூர்க்கல் டயரைக் கிழித்துவிட்டது, கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. கால் மணி நேரத்தில் இரண்டு வண்டிகள் தாமாகவே நின்றன. இரண்டாவதாக வந்தவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து டயரை மாற்றிக் கொடுத்துவிட்டு, கை துடைக்க நான் நீட்டிய துணியைக்கூட வாங்காமல் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் கார் வாடகைக்குக் கொடுத்த நிறுவனம், சரளைச் சாலையில் ஓட்டியதால் காப்பீடு செல்லாது என்று டயருக்கு முழுப் பணத்தையும் எங்களிடம் கறந்துவிட்டது. ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்ததாம். நகரத்திலேயே நின்றால்தான் அந்தக் காப்பீடு உதவும் போலிருக்கிறது, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாய்விட்டுக் கேளுங்கள்.

அந்தச் சாலைகள் ஏன் அப்படிக் கட்டம் கட்டமாக இருக்கின்றன என்பதற்கு ஒரு கதை உண்டு. ஆள் வருவதற்கு முன்பே நிலத்தை அளந்து கோடு போட்டுவிட்டார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு சதுரம், அதற்குள் 36 துண்டு, ஒவ்வொரு துண்டிலும் நான்கு கால் பங்கு. 1872ஆம் வருடச் சட்டப்படி பதிவுக் கட்டணம் 10 டாலர் கட்டி, குடியிருந்து உழுது காட்டினால் ஒரு கால் பங்கு, அதாவது 160 ஏக்கர் சொந்தம். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், நம் சிங்கப்பூர் முழுவதும் அப்படிப்பட்ட எட்டுச் சதுரத்துக்குள் அடங்கிவிடும். அந்த மாகாணத்தின் பரப்போ 6,50,000 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 12 லட்சம். ஊர்கள் ரயில் பாதையோரம் வரிசையாக முளைத்தன, குதிரை வண்டியில் தானியத்தைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அன்றைக்கே வீடு திரும்பும் தூரத்துக்கு ஓர் ஊர்.

சரி, கடைக்கு வருகிறேன். ஊரில் மளிகை, பெட்ரோல், ஆணி, கம்பி, மாட்டுத் தீவனம் எல்லாம் விற்பது கோ-ஆப் என்கிற கூட்டுறவுக் கடைதான். கல்லாவில் பெண் முதலில் கேட்டது "உங்க கோ-ஆப் நம்பர் என்ன?" என்பதுதான். அந்த ஊர்க்காரர்களுக்கு அடையாள அட்டை எண் மறந்தாலும் கோ-ஆப் எண் மறக்காது, அம்மா அப்பாவின் எண்ணைக்கூட ஒப்பிக்கிறார்கள். கொஞ்சம் பணம் கட்டி உறுப்பினரானால் கடையில் உங்களுக்கும் பங்கு, எவ்வளவு வாங்கினீர்களோ அதற்கேற்ப வருடக் கடைசியில் லாபத்தில் ஒரு பகுதி உங்கள் கணக்கில் ஏறும். ஒவ்வோர் ஊர் கோ-ஆப்பும் தனித்தனி, அந்தந்த ஊரார்தான் முதலாளி. மொத்த வியாபாரம் செய்து கொடுக்கும் தலைமைச் சங்கம் சாஸ்கடூனில் இருக்கிறது, அதற்கு இந்த உள்ளூர்ச் சங்கங்கள்தான் முதலாளி. பெட்ரோலும் அப்படித்தான். 1930களில் மழையும் பொய்த்து விலையும் விழுந்த காலத்தில், எண்ணெய் நிறுவனங்கள் கேட்ட விலை கட்டுப்படியாகாமல், உழவர்களே காசு சேர்த்து 1935இல் ரெஜைனாவில் சுத்திகரிப்பு ஆலை கட்டிவிட்டார்கள். அந்த ஆலை இன்றும் ஓடுகிறது, நாங்கள் போட்ட பெட்ரோல்கூட அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

இதைக் கேட்டதும் வீட்டுக்காரர், "நம்ம ஃபேர்பிரைஸும் கோ-ஆப்தானே" என்றார். உண்மைதான், நமக்குத்தான் மறந்துபோகிறது. 1973இல் விலைவாசி தாறுமாறாக ஏறியபோது தொழிற்சங்கம் தோ பாயோவில் திறந்த என்டியுசி வெல்கம் பேரங்காடிதான் பிறகு ஃபேர்பிரைஸ் ஆனது. அப்பா அப்போது ரொம்பவே கவலைப்பட்டார் என்று அம்மா சொல்வாள். கம்பத்துக் கடைக்காரருக்கு அது போட்டி, சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு அது நிம்மதி. எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. ஆனால் பிரெய்ரி என்கிற இந்தப் புல்வெளிச் சமவெளி ஊரில் கோ-ஆப்புக்குப் போட்டியாக இருந்த தனிக் கடைகள் என்றைக்கோ மூடிவிட்டன. கோ-ஆப்பும் இல்லையென்றால் ஒரு லிட்டர் பாலுக்கு 60 கிலோமீட்டர் ஓட்டவேண்டும்.

கடையைப் பற்றி என் மதிப்பீடு: காய்கறி சுமார். கத்தரிக்காய் மூன்று கிடந்தன, மூன்றும் தளர்ந்திருந்தன. பச்சை மிளகாய் இல்லை, கொத்தமல்லி வியாழக்கிழமை லாரி வந்தால் உண்டு. மாவு, வெண்ணெய், முட்டை, உருளைக்கிழங்கு முதல் தரம். விலை சாஸ்கடூனைவிடக் கூடுதல். ஆனாலும் அங்கேயே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பணப்பையை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். கல்லாப் பெண் சிரித்துக்கொண்டே அவர் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதி இழுப்பறையில் போட்டுக்கொண்டாள், சாமானை அவரே தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அப்படியே அப்பாவின் 555 நோட்டு கண்ணுக்குள் வந்து நின்றது.

இப்போது காபிக் கடை. இதைத்தான் நான் நிதானமாக எழுத நினைத்தேன். பிரெய்ரி ஊர்களில் சுற்றினால் பாதிக்குப் பாதி ஊரில், மெயின் தெருவில், "சீன, மேற்கத்திய உணவு" என்று பலகை மாட்டிய ஒரு கடை இருக்கும். சில இப்போது பூட்டிக் கிடக்கின்றன. அக்கா மகளின் ஊரில் அந்தக் கடை இன்னும் திறந்திருக்கிறது. ஃபார்மைக்கா போட்ட மேசை, சிவப்பு ரெக்சின் இருக்கைகள், கல்லாவுக்குப் பின்னால் ஒரு பூனை பொம்மை, சுவரில் ஊர் ஹாக்கிக் குழுவின் படங்கள் 1960களிலிருந்து வருடவாரியாக. காலை ஆறரைக்கெல்லாம் பத்துப் பன்னிரண்டு வயதான உழவர்கள் நடு மேசையில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். தீர்ந்தால் தாங்களே எழுந்துபோய்க் குடுவையை எடுத்து எல்லோருக்கும் ஊற்றிவிட்டு உட்கார்கிறார்கள். கடையின் சாவியே அவர்களில் ஒருவரிடம் இருக்கிறதாம், முதலாளி வருவதற்குத் தாமதமானால் அவரே திறந்து காபி போட்டு வைத்துவிடுவார்.

முதலாளிக்கு எழுபது தாண்டியிருக்கும். அந்தக் கடைக்கு அவர் நான்காவது ஆளாம், 1980களில் சித்தப்பா அழைத்து தென்சீனாவின் தைஷான் பக்கத்திலிருந்து வந்தவர். வீட்டுக்காரர் வேலை செய்த பட்டறையில் மேஸ்திரி கான்டனீஸ் பேசும் சீனர், அதனால் இவருக்கும் அந்த மொழி கொஞ்சம் வரும். "சிக் ஃபான் மேய் ஆ?" என்று கேட்டதுதான் தாமதம், மனிதர் அடுப்பங்கரையிலிருந்து ஏப்ரனைக் கழற்றாமலேயே வெளியே வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிட்டாயா என்று தன் பாஷையில் ஒருவர் தன் கடைக்குள் வந்து கேட்டு எத்தனை வருடமாயிற்றோ. அதுவும் ஒரு தமிழர் வாயிலிருந்து. சிங்கப்பூர் என்றதும், "அங்கே எல்லாருமே எல்லாம் பேசுவீர்களா?" என்று கேட்டார். எல்லாரும் இல்லை, எங்கள் வயதுக்காரர்கள் கொஞ்சம் பேசுவோம் என்று சொன்னோம்.

சாப்பாடு: இஞ்சி மாட்டிறைச்சி என்பதுதான் அங்கே எல்லோரும் வாங்குவது. மொறுமொறுவென்று பொரித்து இனிப்பும் இஞ்சியும் காரமுமாகப் புரட்டியது, சீனாவிலிருந்து வந்ததில்லை, 1970களில் கால்கரி நகரத்தில் பிறந்தது. நாங்கள் மாடு சாப்பிடுவதில்லை என்றதும் அதையே கோழியில் செய்துகொடுத்தார். நன்றாக இருந்தது, நம் நாக்குக்கு இனிப்பு ஒரு படி கூடுதல், கேட்டால் குறைத்துப் போடுவார். வறுத்த நூடுல்ஸ் சுமார்தான். பெரோகி என்று உக்ரேனியர்களின் பண்டம் ஒன்று, உருளைக்கிழங்கும் சீஸும் பூரணமாக வைத்து மடித்து வேகவைத்து, வெங்காயத்தோடு வெண்ணெயில் வாட்டியது. காரக் கொழுக்கட்டைக்குப் பங்காளி. அதைக் கட்டாயம் வாங்குங்கள், ஊரிலுள்ள ஓர் உக்ரேனியப் பாட்டி செய்து கொடுக்க இவர் விற்கிறார். கடைசியில் சாஸ்கடூன் பழம் வைத்த பை. நாவல்பழத்தின் தங்கை மாதிரி ஒரு காட்டுப் பழம், அந்த மண்ணின் பூர்வகுடிகளான கிரீ மக்கள் அதற்கு வைத்த பெயரிலிருந்துதான் அந்த நகரத்துக்கே பெயர் வந்தது. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்குச் சூப்பில் எலும்பு இருக்கும், முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தக் கடைகள் ஊருக்கு ஊர் ஏன் ஒன்றே ஒன்றாக இருந்தன என்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன். ரயில் பாதை போட்டு முடித்த 1885லேயே சீனர்கள் உள்ளே வர ஆளுக்கு 50 டாலர் தலைவரி போட்டார்கள். 1903இல் அது 500 டாலர் ஆனது. 1923இலிருந்து 1947 வரை கதவையே சாத்திவிட்டார்கள். மனைவி மக்களை அழைத்துவர முடியாத ஆண்கள், வேறு வேலை கொடுக்க ஆளில்லாமல், ஊருக்கு ஒருவராகப் போய் அடுப்பு மூட்டினார்கள். சஸ்காச்சுவானில் 1912இல் இன்னொரு சட்டம் வந்தது, சீனர் நடத்தும் கடையில் வெள்ளைக்காரப் பெண் வேலை செய்யக் கூடாது என்று. மூஸ் ஜா ஊரில் உணவகம் வைத்திருந்த குவாங் விங் என்பவர் இரண்டு பெண்களை வேலைக்கு வைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1914இல் நீதிமன்றமும் சட்டம் சரி என்றுதான் சொன்னது. தலைவரிக்காக அரசு மன்னிப்புக் கேட்டது 2006இல்தான். அப்படி வந்தவர்கள் போட்ட மேசையில்தான் இன்று ஊர்ப் பெரியவர்கள் சாவியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் ஊரின் சின்ன அருங்காட்சியகம். பழைய ரயில் நிலையத்துக்குள் வைத்திருக்கிறார்கள். கோடையில் மதியம் மட்டும், தன்னார்வலர்கள் வந்தால் திறந்திருக்கும். கட்டணம் இல்லை, உண்டியலில் முடிந்ததைப் போடலாம். எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் எண்பத்திரண்டு வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒவ்வொரு பொருளையும் யார் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு கணக்குப் பேரேட்டைப் பார்த்து நான் விடாமல் கேட்டதால், பூட்டைத் திறந்து கையிலேயே கொடுத்தார். 1930களில் ஊர்ப் பொதுக்கடையின் கடன் கணக்கு. சர்க்கரை, மண்ணெண்ணெய், தேயிலை, ஒரு ஜோடி காலணி. எதிர்ப்பக்கத்தில் வரவு: முட்டை எட்டு டஜன், வெண்ணெய், மறுபடி முட்டை. சில பெயர்களுக்கு எதிரே "அறுவடைக்குப் பிறகு" என்று எழுதி, அந்த வருட அறுவடைக்குப் பிறகும் எதுவும் எழுதப்படாமல் கோடு மட்டும் நீண்டு கிடந்தது. மை பழுப்பாகிவிட்டது, ஆனால் கூட்டல் கணக்கை இரண்டு தடவை சரிபார்த்த டிக் குறிகள் தெரிந்தன. அப்பாவும் அப்படித்தான், இரண்டு டிக்.

அங்கேயே ஊர் வரலாற்றுப் புத்தகமும் இருந்தது. 1980இல் மாகாணத்துக்கு 75 வயதானபோது ஊர் ஊராகக் குழு போட்டு இப்படிப் புத்தகம் கொண்டுவந்தார்கள், செங்கல் கனம் இருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம், இரண்டு பக்கம், எங்கிருந்து வந்தார்கள், எந்தக் கால் பங்கு நிலம், எத்தனை பிள்ளைகள், எந்த வருடம் ஆலங்கட்டி மழை. இப்படி ஒன்று நம் சோங் பாங் கம்பத்துக்கு இருந்தால் எத்தனை நன்றாக இருக்கும் என்று எனக்கு ஏக்கமாகவே இருந்தது. ஆனால் காபிக் கடைக்கு அதில் இரண்டே வரி. அதை நடத்தியவர்களுக்கு முழுப் பெயர்கூட இல்லை. ஆசிரியையிடம் சொன்னேன். அவர் சங்கடப்பட்டார், மறுக்கவில்லை. அடுத்த முறை முதலாளியிடம் உட்கார்ந்து எழுதி வாங்குவேன் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இதைவிடப் பெரிய விடுபடலும் உண்டு. அந்த அருங்காட்சியகத்தில் கதை 160 ஏக்கரில்தான் தொடங்குகிறது, அதற்கு முன்பிருந்த கிரீ மக்களுக்கு ஒரு மூலையில் நான்கு அம்புமுனைகள். அதனால் நீங்கள் போனால் பட்டோஷுக்கும் ஒருநாள் ஒதுக்குங்கள், 1885இல் பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வம்சத்தவரான மேத்தி மக்கள் லூயி ரியேல், கேப்ரியல் டுமான்ட் தலைமையில் கனடா அரசை எதிர்த்து நின்று போராடிய இடம், இப்போது தேசிய வரலாற்றுத் தலம். ஆற்றங்கரை, ஒரு வெள்ளைத் தேவாலயம், காற்று. அந்தப் பக்கமே லேர்டு என்ற சிற்றூருக்கு அருகில் ஸ்டோனி நோல் என்றொரு மேடு இருக்கிறது. அரசு பூர்வகுடிகளோடு செய்த 1876ஆம் வருட ஆறாம் ஒப்பந்தப்படி யங் சிப்பவேயன் என்ற பூர்வகுடிக் குழுவினருக்கு ஒதுக்கிய நிலம் அது. 1897இல் அவர்களைக் கேட்காமலே எடுத்து மென்னோனைட், லூத்தரன் என்ற இரண்டு கிறிஸ்தவ சபைகளின் குடியேறிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2006இல் அந்த மேட்டின் மேல் அவர்களின் வாரிசுகளும் இந்த இரண்டு சபையாரும் கூடி, நிலம் இழந்தவர்களுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று சேர்ந்தே கையெழுத்துப் போட்டார்கள்.

லேர்டு என்ற பெயரை வேறு காரணத்துக்காகவும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பருப்பு. 1970 வாக்கில் கோதுமை விற்காமல் குவிந்துபோய், கோதுமை போடாதிருந்தால் பணம் என்று அரசே சொல்லும் நிலை வந்தது. வேறு என்ன பயிரிடலாம் என்று தேடியபோது, சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்துக்கு 1972இல் வந்த ஆல் ஸ்லின்கார்ட் என்ற விஞ்ஞானி பருப்பைப் பிடித்துக்கொண்டார். 1978இல் அவர் வெளியிட்ட ரகம் லேர்டு, 1980இல் எஸ்டன். எஸ்டன் என்றும் அங்கே ஓர் ஊர் உண்டு. இன்று உலகத்தில் பருப்பை அதிகம் ஏற்றுமதி செய்வது கனடா, அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சஸ்காச்சுவானில் விளைகிறது. நம் தேக்கா சந்தையில் மைசூர் பருப்பு வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்.

அக்கா மகளின் வாடிக்கையாளர் ஒருவர் தன் வயலுக்கு அழைத்துப் போனார். செடி முழங்காலுக்குக் கீழேதான், நெற்றுக்கு ஒன்றோ இரண்டோ மணி, வெளியே சாம்பல் நிறம், நகத்தால் தோலை உரித்தால் உள்ளே நமக்குத் தெரிந்த அந்த ஆரஞ்சு. செடி குட்டையாக இருப்பதால் அறுவடை இயந்திரம் தரையைத் தடவிக்கொண்டே போகவேண்டும், அதனால் விதைத்த உடனேயே பெரிய உருளையை ஓட்டிக் கல்லையெல்லாம் மண்ணுக்குள் அழுத்திவிடுவார்களாம். அம்மா முறத்தில் பருப்பைப் பரப்பிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கல் பொறுக்கியது ஞாபகம் வந்து, அதை அவரிடம் சொன்னேன். "நாங்களும் அதே கல்லோடுதான் மல்லுக்கட்டுகிறோம்" என்றார். ஆனால் அவர் வீட்டில் பருப்பு சமைப்பது அபூர்வம், கோ-ஆப்பில் உடைத்த மைசூர் பருப்பும் இல்லை, அக்கா மகள் சாஸ்கடூன் இந்தியக் கடையில் வாங்கி வைத்திருந்ததில்தான் நான் அவர்களுக்குப் பருப்புக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். மூன்று முறை கேட்டு வாங்கினார்கள். கோ-ஆப் மேலாளரிடமும் சொல்லிவிட்டு வந்தேன், உங்கள் ஊரில் விளைவதை உங்கள் அலமாரியிலும் வையுங்கள் என்று.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மர எலிவேட்டர், அதாவது தானியக் களஞ்சியம், ஊரில் ஒன்று மிச்சம் இருக்கிறது, பூட்டித்தான் கிடக்கிறது. 1930களில் பிரெய்ரி முழுக்க 5,700க்கு மேல் நின்றன. வண்டி உள்ளே போய் எடை போட்டுக் குழியில் கொட்டினால், கோப்பைகள் கோத்த பட்டை தானியத்தை உச்சிக்கு ஏற்றிவிடும், அங்கிருந்து தானாக இறங்கி ரயில் பெட்டிக்குள் விழும். 1995இல் தானியத்துக்கான ரயில் கட்டணச் சலுகை முடிந்ததும் கிளைப் பாதைகளும் இந்தக் களஞ்சியங்களும் இன்னும் வேகமாகப் போயின, அவற்றோடு சுவரில் பெரிதாக எழுதியிருந்த ஊர்ப் பெயர்களும். உள்ளே நுழைந்து பார்க்க ஆசையிருந்தால் மனிடோபாவில் இங்கிலிஸ் என்ற ஊரில் ஐந்து வரிசையாக நிற்கின்றன. மருத்துவம்: ஊரில் சின்ன மருத்துவமனை உண்டு, ஆள் இல்லாத வாரங்களில் அவசரப் பிரிவை மூடிவிடுகிறார்கள். இத்தனைக்கும் 1915இல் சார்னியா என்ற கிராம நகராட்சி, மருத்துவர் ஊரைவிட்டுப் போய்விடாமலிருக்க வரிப்பணத்தில் 1,500 டாலர் சம்பளம் கொடுத்து அவரை நிறுத்திக்கொண்ட மாகாணம் இது. 1962இல் கனடாவிலேயே எல்லோருக்கும் பொது மருத்துவக் காப்பீடு முதலில் வந்ததும் இங்கேதான். ஆதலால் இந்த மூடலைப் பற்றி ஊரார் கோபமாகவே பேசுகிறார்கள், எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இரத்த அழுத்த மாத்திரையை நாள் கணக்குக்கு மேலேயே எடுத்துப் போங்கள்.

தபால் நிலையத்துக்கு முழு மதிப்பெண். வீட்டுக்கு வீடு தபால் வராது, எல்லோரும் போய்ப் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும், அதனால் ஊர்ச் செய்தி முழுக்க அங்கே கிடைக்கும். திரும்பி வந்தபின் காபிக் கடை முதலாளிக்கு ஒரு பார்சல் அனுப்பினேன்: தேக்காவில் அரைத்த கோழிக் கறித் தூள் அரைக் கிலோ, காய்ந்த கறிவேப்பிலை, சரவாக் வெள்ளை மிளகு. தெருப் பெயர்கூட வேண்டாம், பெயர், பெட்டி எண், ஊர், மாகாணம், அஞ்சல் குறியீடு, நாடு, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் அக்கா மகள் ஒரு படம் அனுப்பினாள். கடையின் கரும்பலகையில் இஞ்சி மாட்டிறைச்சிக்குக் கீழே புதிதாக ஒரு வரி, வியாழக்கிழமை மட்டும், சிங்கப்பூர் கோழிக் கறி. நடு மேசைக்காரர்கள் முதல் வியாழனே தீர்த்துவிட்டார்களாம். இன்னும் ஒரு கிலோ தூள் கேட்டிருக்கிறார், பணம் அனுப்புகிறேன் என்றாராம். கணக்கில் எழுதிக்கொள்கிறேன், அடுத்த ஆகஸ்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.